ஆறு வருடப் பிசின்

மகள் இறந்த மறுநாள் காலையிலிருந்து பிசின்காரனின் மனைவிக்கு எடை கூட ஆரம்பித்தது. முப்பத்தோராம் நாள் அது சரியாக இருபத்து மூன்று கிலோவில் வந்து நின்றது. அந்த ஒரு மாதத்தில் அவள் சாப்பிட்டதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தால் ஒரு பூனைக்கு நான்கு நாளைக்குக் காணாது. மகளுக்கு ஏழு வயது. பள்ளிக்கூடத்தில் கடைசியாகக் கொடுத்த உடல்நல அட்டையில் அவளுடைய எடை இருபத்து மூன்று கிலோ என்று நீல மையில் எழுதியிருந்தது. ஆகவே என்ன நடந்தது என்று தெருவில் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. துக்கத்தில் சிலர் இளைத்துத் துரும்பாகிறார்கள், சிலருக்கு ஒரே மாதத்தில் தலை நரைத்துவிடுகிறது, இவளுக்குப் பிள்ளை இடுப்பில் வந்து ஏறிக்கொண்டது, அவ்வளவுதான் என்று எடுத்துக்கொண்டார்கள். கூடிய எடை முழுவதும் இடது இடுப்பில்தான் இருந்தது. ஓடியாடித் திரிகிற வயதிலும், தூக்கம் வந்துவிட்டால் மகள் வந்து தொற்றிக்கொள்கிற இடம் அது.

மூன்று நாள் காய்ச்சல். முதல் நாளே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். செய்ய வேண்டியதை எல்லாரும் செய்தார்கள். யார் மேல் பழியைப் போடலாம் என்று பிசின்காரன் பல மாதம் தேடிப் பார்த்தான். ஒருவரும் அகப்படவில்லை. அதுவே அவனுக்குப் பெரிய களைப்பாகிவிட்டது.

அவனுக்கு வேறு பெயர் உண்டு, ஆனால் சம்பளச் சீட்டுக்கு வெளியே அதை யாரும் பார்த்ததில்லை. ஒரு மருந்துச்சாலையில் பிசின் அறைக்கு அவன்தான் பொறுப்பு. உடம்பு இளைப்பதற்கு அங்கே செய்து விற்ற மாத்திரை, குக்குலு என்று வைத்தியர்கள் சொல்லும் மரப்பிசினில் ஆனது. மரப்பட்டை, மணல், செத்த எறும்பு எல்லாம் ஒட்டிக்கொண்டு மூட்டையாக வரும் பிசினை அவன் துணியில் முடிந்து, கடுக்காயும் நெல்லிக்காயும் கொதிக்கிற கஷாயப் பானைக்குள், குறுக்கே வைத்த கம்பிலிருந்து தொங்கவிடுவான். நல்லது கரைந்து இறங்கிவிடும், குப்பை துணியில் தங்கிவிடும். இறங்கியதை வற்றக் காய்ச்சி, தட்டில் ஊற்றி உலர்த்தி, நெய் விட்டு இரும்பு உரலில் மெழுகு போல ஆகும்வரை இடிப்பான். பிறகு கட்டியாகத் தகர டப்பாவில் அடைத்து, தேதிச் சீட்டு ஒட்டி, பரணில் ஏற்றுவான். ஆள் குச்சி மாதிரி இருப்பான். மருந்தை மோந்து பார்த்தே இளைத்தவன் என்று வாடிக்கையாளர்களிடம் அவனைக் காட்டி மருந்துச்சாலை வைத்தியர் விளம்பரம் செய்துகொள்வார். அவனும் சிரித்துக்கொண்டு நிற்பான்.

அந்தத் தேதிச் சீட்டில்தான் தொழிலே இருந்தது. பிசின் புதிதாக இருக்கும்போது பொன்னிறமாக, வாசனையாக இருக்கும். அதைத் தின்றால் சதை போடும். பரணில் கிடந்து கறுத்துக் காய்ந்த பிறகு அதே பிசின் சதையைச் சுரண்டும். எத்தனை வருடம் கிடந்ததோ அத்தனை வருடத்துச் சதையைச் சுரண்டும், அதற்கு முன்னாலும் நிற்காது, பின்னாலும் போகாது என்பது பிசின் அறையில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. அதனால்தான் வருகிறவர்களிடம் எவ்வளவு எடை என்று வைத்தியர் கேட்கமாட்டார், எந்த வருடத்திலிருந்து பெருக்க ஆரம்பித்தீர்கள் என்றுதான் கேட்பார். மூன்று மாதம் மாத்திரை, அதற்குப் பிறகு மருந்து தானாகவே வேலையை முடித்துக்கொள்ளும். ஒரு தடவை நான்கு வருடத்துக்குக் கொடுக்க வேண்டியவருக்கு இருபது வருட டப்பா மாறிப் போய்விட்டது. அந்த லாரிக்காரர் தன்னுடைய கல்யாணச் சட்டைக்குள் நுழைந்து, அதையும் தாண்டி, பள்ளிக்கூடச் சட்டை போடுகிற அளவில் போய் நின்றார். இப்போதும் லாரி ஓட்டுகிறார், தலையணை போட்டு உட்கார்ந்து.

மனைவிக்குத் தொழில் தையல். பள்ளிச் சீருடை மொத்தமாக வாங்கி விற்கும் கடைக்கு வீட்டிலிருந்தபடியே தைத்துக் கொடுத்தாள். எந்த வயதுக்கு எத்தனையாம் நம்பர் சட்டை என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவாள். இடுப்பில் ஏறியிருந்த எடை சும்மா கிடக்கிற எடையாக இல்லை. சாயங்காலம் நான்கு மணிக்கு, பள்ளி விடுகிற நேரத்தில், அந்த இடம் கதகதப்பாகும். சில நாள் விக்கல் எடுக்கும். மத்தியானத்தில் தராசில் ஏறினால் ஒரு கிலோ கூடவே காட்டும், ஏனென்றால் தூங்குகிற பிள்ளை கனக்கும். முக்கியமாக, அது வளர்ந்தது. அடுத்த வருடம் பள்ளி திறந்தபோது இரண்டரைக் கிலோ ஏறியிருந்தது. தன் சட்டையின் இடதுபக்கத் தையலைப் பிரித்து விட்டுக்கொண்டே, "இருபத்தெட்டாம் நம்பருக்கு வந்துட்டா" என்று அவள் சொன்னாள். துக்கம் நடந்த பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் பெருமை அதுதான்.

பிசின்காரனுக்கு ஒன்றுமே வரவில்லை. இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை, ஆனால் அவனுக்குப் பொறாமையாக இருந்தது. பெற்றது இரண்டு பேர், போனவள் முழுசாக ஒருத்தியிடம் போய் ஒட்டிக்கொண்டாள். அவன் உடம்பில் ஐம்பது கிராம் கூட ஏறவில்லை. நான்கு மணிக்கு வீட்டில் இருக்க நேர்ந்தால் மனைவியின் இடது பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, இடுப்பில் காதை வைத்துக் கேட்பான். அவள் தைப்பதை நிறுத்தமாட்டாள். கொஞ்ச நேரம் போனதும், "போதும், அவளுக்குக் கூசுது" என்பாள். அவனுக்கு எதுவும் கேட்டதில்லை. வெதுவெதுப்பு மட்டும் கன்னத்தில் கொஞ்ச நேரம் இருக்கும், அதோடு எழுந்து கைகால் கழுவப் போவான்.

துணி கொடுத்து வாங்க அவள் பஸ்ஸில் போவாள். முதல் தடவை ஏறியபோது கண்டக்டர் அவளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஒரு முழு டிக்கெட்டும் ஒரு அரை டிக்கெட்டும் கிழித்துக் கொடுத்தார். பக்கத்தில் இருந்தவர்கள் சங்கடப்பட்டார்கள். அவள் மறுபேச்சுப் பேசாமல் வாங்கி, அரை டிக்கெட்டை மட்டும் தனியாக ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அதுவே வழக்கமாயிற்று. மகள் இருந்திருந்தால் பன்னிரண்டு முடிந்திருக்கும் நாளைக்கு அடுத்த பயணத்தில் அவர் இரண்டு முழு டிக்கெட்டாகக் கிழித்தார். அன்று அவள் வீட்டுக்கு வந்து, இரண்டு டிக்கெட்டையும் கணவனிடம் நீட்டி, "பெரிய மனுஷி ஆயிட்டா உங்க பொண்ணு" என்றாள்.

இப்படி ஆறு வருடம் போயிற்று. இடுப்பில் நாற்பத்து நான்கு கிலோ இருந்தது. அவளுடைய சொந்த எடை ஐம்பத்திரண்டு. இரண்டு படி ஏறினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முட்டிகள் வீங்கின. உதடு லேசாக நீலம் பாரித்தது. பெரிய ஆஸ்பத்திரியின் டாக்டரம்மா ஈ.சி.ஜி. காகிதத்தை நீளமாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதயம் ஒரு ஆளுக்குத்தாம்மா. உங்களுது ரெண்டு பேருக்கு அடிச்சுக்கிட்டு இருக்கு" என்றார். "அதுக்கு அந்தப் பழக்கம் உண்டுங்க டாக்டர்" என்றாள் இவள். டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவனை மட்டும் வெளியே கூப்பிட்டு, எடை இறங்காவிட்டால் இன்னும் ஒரு வருடம் தாங்குவது கஷ்டம் என்று சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

பிள்ளையைக் கரைக்கிற மருந்தை அவள் தின்னமாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். கேட்டுப் பார்ப்பதே வீண் வேலை. ஒரு வாரம் சோறு தண்ணீர் இறங்காமல் யோசித்தான். அப்போதுதான் கணக்கு அவனுக்குப் புலப்பட்டது. மகள் போய் ஆறு வருடம். ஆறு வருடப் பிசின் ஆறு வருடத்தைத்தான் சுரண்டும். அதாவது மகள் வாழாத வருடங்களை, எட்டு வயதிலிருந்து பதின்மூன்று வயது வரை, யாரும் கண்ணால் பார்க்காத அந்தப் பெண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, ஏழு வயதுக் குழந்தையைத் தொடாமல் நின்றுவிடும். இருபத்து மூன்று கிலோவை மனைவியின் இதயம் தாங்கும், முதல் வருடத்தில் தாங்கியதுதானே. பரணில் ஏறி டப்பாக்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சரியாக ஆறு வருடத்துக்கு முந்தைய தேதி, மகள் இறந்ததற்கு மறு வாரத்துத் தேதி, அவனுடைய கையெழுத்திலேயே ஒரு டப்பாவில் இருந்தது. அதிலிருந்து மாத்திரை உருட்டிக் கொண்டுபோய், முட்டி வலிக்கு வைத்தியர் கொடுத்தது என்று மனைவியிடம் கொடுத்தான். அவள் வாங்கி வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். கல்யாணமாகி அதுவரை அவன் அவளிடம் சொன்ன பொய்களில் பெரியது, சினிமாவுக்குப் போய்விட்டு வேலை இருந்தது என்று சொன்னது.

எடை இறங்கிற்று. முதலில் அவள் கவலைப்பட்டாளே தவிர சந்தேகப்படவில்லை. பதின்மூன்று வயதுப் பெண்கள் சரியாகச் சாப்பிடாமல் அடம்பிடிப்பார்கள், கண்ணாடி முன்னாலேயே நிற்பார்கள் என்று சீருடைக்கு அளவு கொடுக்க வருகிற தாய்மார்கள் புலம்புவதை அவள் கேட்டிருக்கிறாள். "ஒழுங்கா இருடி, எலும்பும் தோலுமா ஆகாதே" என்று இடுப்பைப் பார்த்துத் திட்டுவாள். இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் பஸ்ஸில் கண்டக்டர், வழக்கம் போல நிமிர்ந்து பார்க்காமல், ஒரு முழு டிக்கெட்டும் ஒரு அரை டிக்கெட்டும் கிழித்துக் கொடுத்தார். அவள் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி, துணி மூட்டையோடு வீட்டுக்கு நடந்து வந்தாள்.

அவன் வேலை முடிந்து வந்தபோது அரை டிக்கெட் தையல் மிஷின் மேல் இருந்தது.

"இளைச்சா டிக்கெட் குறையுமா?" என்று கேட்டாள். "வயசு குறைஞ்சாத்தான் குறையும். முட்டி வலிக்குன்னு குடுத்தீங்களே, அது என்ன மருந்து?"

அவன் சொல்லிவிட்டான். பொய்யை நீட்டுகிற சாமர்த்தியம் அவனுக்கு எப்போதும் கிடையாது.

"அவளைக் கொல்றீங்களா?"

"உன்னைப் பொழைக்க வைக்கிறேன்."

"நான் கேட்டேனா?"

"நீ கேக்கலை. நான் கேட்டேன், எனக்கு. நீயும் போயிட்டா எனக்கு யாரு இருக்கா சொல்லு? உனக்காவது அவ இருக்கா."

பிறகு கணக்கை விளக்கினான். ஆறு வருடப் பிசின் என்பதையும், நடக்காத வருடங்களைத்தான் அது எடுக்கும் என்பதையும், ஏழு வயதில் போய் அப்படியே நின்றுவிடும் என்பதையும் பள்ளிக்கூட வாத்தியார் போல விரலை மடக்கி மடக்கிச் சொன்னான். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, "நடக்கலைன்னு நீங்க சொல்றீங்க. நான் சுமந்தேன்" என்றாள். அடுத்த மூன்று நாளும் பதின்மூன்று வயதுக்குரிய முப்பத்தாறாம் நம்பரில் ஒரு சீருடை தைத்தாள். யாரும் கேட்காத சீருடை. பொத்தானெல்லாம் கட்டி, இஸ்திரி போட்டு, பெட்டியின் அடியில் வைத்து மூடிவிட்டு வந்து, "ஏழு வயசுல நின்னுடும்னு சத்தியமா சொல்லுங்க" என்றாள். அவன் சத்தியம் செய்தான். பாக்கி ஒரு மாதத்து மாத்திரையை அவள் தெரிந்தே விழுங்கினாள். ஒவ்வொன்றையும் விழுங்கும்போது இடது கையால் இடுப்பை ஒரு தட்டுத் தட்டிக்கொண்டாள், ஊசி போடுவதற்கு முன்னால் பிள்ளையைத் தட்டுவது போல.

மருந்துச்சாலையில் கழித்துப்போட்ட ஒரு மேடைத் தராசை அவன் வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவள் அதில் ஏறி நிற்பாள், அவளுடைய சொந்த ஐம்பத்திரண்டு கிலோவுக்குத் தனிக் கல்லை மாட்டிவிட்டு, மிச்சத்துக்கு அவன் எடைக்கல்லை நகர்த்தி நகர்த்தி நிறுத்துவான். முப்பது, இருபத்தெட்டு, இருபத்தாறு என்று இறங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை கோல் சரியாக இருபத்து மூன்றில் சமமாக நின்றது. அந்த வாரம் அந்த வீட்டில் பண்டிகை மாதிரி இருந்தது. இடுப்பில் மறுபடியும் விக்கல் வந்தது. நான்கு மணிக்குக் கதகதப்பு வந்தது. அவளுக்கு மூச்சு வாங்கவில்லை, உதட்டில் சிவப்பு ஏறியது, பல வருடத்துக்குப் பிறகு மாடிப்படி ஏறிப் போய்த் துணி காயப்போட்டாள். அவன் காதை வைத்துக் கேட்டபோது அவள் போதும் என்று சொல்லவில்லை. இதைவிட ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும் என்று அவன் நினைத்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோல் இருபத்திரண்டில் நின்றது.

தராசுதான் சரியில்லை என்று சொல்லி, அவளை இறங்கச் சொல்லிவிட்டு, அவன் சட்டையை மாட்டிக்கொண்டு மருந்துச்சாலைக்கு ஓடினான். பூட்டைத் திறந்து, பரணில் ஏறி, அந்த டப்பாவை இறக்கி, மிச்சமிருந்த பிசின் கட்டியைத் தட்டில் கவிழ்த்தான். அடிப்பக்கத்தில், பிசினோடு பிசினாகப் புதைந்து, பழுப்பேறிய ஒரு காகிதத் துண்டு ஒட்டியிருந்தது. பழைய தேதிச் சீட்டு. அதில் இருந்தது பதினைந்து வருடத்துக்கு முந்தைய தேதி, மகள் பிறப்பதற்கு இரண்டு வருடம் முந்தையது. அப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது. மகள் இறந்து வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்தில், துருப்பிடித்து ஓட்டை விழுந்த ஒரு டப்பாவிலிருந்து பழைய கட்டியை எடுத்துப் புது டப்பாவுக்கு மாற்றியிருந்தான். மாற்றும்போது புதுச் சீட்டில் பிசினின் தேதியை எழுத வேண்டும். தொழிலுக்கு வந்த முதல் நாளில் கற்றுக்கொள்கிற சங்கதி அது. அவன் அன்றைய தேதியை எழுதிவிட்டான். அந்த வாரம் முழுவதும் அவன் மனதில் இருந்தது அந்த ஒரே தேதியும் அதைச் சுற்றி இருந்த நாட்களும்தான். சீட்டைப் பிய்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பிசின் அறைத் தரையில் உட்கார்ந்து, கஷாயப் பானையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான்.

மறுநாள் வைத்தியரின் காலில் விழாத குறையாகக் கேட்டான். வைத்தியர் வாயாடி, ஆனால் அன்று வேடிக்கை எதுவும் பேசவில்லை. "பழசை மறிக்கணும்னா புதுசுதான் குடுத்துப் பாக்கணும்" என்றார். "புதுப் பிசின் சதை போடும், அது நிச்சயம். எந்தச் சதையைப் போடும்னு எனக்குத் தெரியாதுப்பா." பின்பாதியை அவன் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அந்த வாரம் வந்த மூட்டையிலிருந்து பொன்னிறமான துண்டுகளாகப் பொறுக்கி, காய்ச்சி, இருமடங்கு நெய் விட்டு, தோள்பட்டை கழன்றுவிடும்போல இடித்து, மனைவிக்கு உருண்டையாகக் கொண்டுபோய்க் கொடுத்தான். எடை சரியாக நிற்பதற்கான மருந்து என்று சொன்னான். சீட்டைப் பற்றிச் சொல்லவில்லை. அவள் வாங்கி விழுங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை கோல் இருபத்து மூன்றில் நின்றது. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையும் நின்றது. "இருபத்து மூணு!" என்று அவன் கூவியது எதிர்வீடு வரைக்கும் கேட்டது. மூன்று மாதம் இப்படியே போயிற்று. ஞாயிறு காலைகளில் அவன் குளித்துவிட்டு, தலை வாரிக்கொண்டு, ஊரிலிருந்து வருகிற மகளை பஸ் நிலையத்தில் போய் அழைத்து வருகிறவன் போலத் தராசின் பக்கத்தில் நிற்பான். கோல் சமமாக நின்றதும் கூவுவான். மனைவி மேலேயிருந்து அவனுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு இறங்குவாள். அவளுடைய கன்னம் கொஞ்சம் உப்பியிருந்தது, கைகள் பருத்திருந்தன, வலது பக்கத் தையலைக்கூட அவள் பிரித்து விட வேண்டியிருந்தது. அதையெல்லாம் அவன் நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொண்டான். கண் முன்னால் கோல் இருபத்து மூன்று என்று சொல்லும்போது யாருக்குத்தான் சந்தேகம் வரும்?

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அவள் மருந்துச்சாலைக்கே நடந்து வந்தாள். அதற்கு முன்னால் அவள் அங்கே வந்ததில்லை. பிசின் அறையின் வாசலில் நின்று, "கொஞ்சம் வீட்டுக்கு வாங்க" என்றாள். வீட்டுக்கு வந்து, கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, அவனுடைய இரண்டு கையையும் எடுத்து இடது இடுப்பில் வைத்தாள். அவனுக்கு முதலில் புரியவில்லை. மெதுவாகத்தான் புரிந்தது. கையில் இருந்தது கைக்குழந்தை.

"தராசுல இருக்கிறது நான்தாங்க. அவ இல்லை" என்றாள். "நீங்க குடுத்த புது மருந்து என் கன்னத்துலயும் கையிலயும் போட்டுச்சு. அவ இறங்கிக்கிட்டேதான் இருந்தா. ஆறு வயசு, அஞ்சு, நாலு. நடக்கிறதை மறந்தா. பேச்சு போச்சு. இன்னைக்குக் காலையில பொறந்த எடைக்கு வந்துட்டா. ரெண்டு கிலோ எண்ணூறு. இதுக்கு அப்புறம் கையில பிடிக்க முடியாது. அதான் கூட்டிட்டு வந்தேன்."

"எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?"

"தெரியாம இருக்குமா? முதல் ஞாயித்துக்கிழமையே தெரியும்."

"ஏன் சொல்லலை?"

"கோல் நின்னதும் நீங்க சிரிச்சீங்க. அவ போனதுக்கு அப்புறம் அப்பத்தான் சிரிச்சீங்க. உங்களுக்கு அவ வரவே இல்லைன்னு எத்தனை வருஷமா மனசுக்குள்ள வெச்சுக்கிட்டு இருந்தீங்க, எனக்குத் தெரியாதா? சரி, தராசுலயாவது அவ உங்களுக்கு இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

அவன் சட்டைப்பையிலிருந்து பழைய சீட்டை எடுத்து நீட்டினான். மூன்று மாதத்துச் சலவையில் அது கிட்டத்தட்ட வெளுத்துப்போயிருந்தது. அவள் ஜன்னல் பக்கம் பிடித்து வாசித்தாள். அவன் நடந்ததைச் சொன்னான், டப்பா மாற்றியதை, அன்றைய தேதியை எழுதியதை. அவள் திட்டுவாள், அடிப்பாள், மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு போய்விடுவாள் என்று எதிர்பார்த்தான். எதைச் செய்திருந்தாலும் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் சீட்டை மடித்து அவன் பையிலேயே திரும்ப வைத்து, "அந்த வாரத்துல நீங்க எந்தத் தேதியை எழுதியிருந்தாலும் தப்பாத்தான் இருந்திருக்கும்" என்றாள். பிறகு, "தலையைப் பிடிச்சுக்குங்க, தொங்கவிடாதீங்க" என்றாள்.

அவன் மருந்துச்சாலைக்குப் பதினெட்டு நாள் விடுப்புச் சொன்னான். பத்து மாதத்துச் சமாச்சாரம் பதினெட்டு நாளில் பின்னோக்கி நடந்தது. முதலில் அவளுக்குக் கால் வீங்கியது. பிறகு உள்ளே உதைத்தது, பகலில் நான்கு தடவை, ஐந்து தடவை. அவன் காதை வைத்தபோது முதன்முறையாக அவனுக்குக் கேட்டது. குதிரை ஓடுகிற மாதிரி ஒரு சத்தம், மிக வேகமாக, மிகச் சின்னதாக. ஆறு வருடம் காத்திருந்தவனுக்கு அது ஒன்பது நாள் கிடைத்தது. பத்தாம் நாள் சத்தம் நின்று, மீன் துள்ளுவது போல ஒரு துடிப்பு மட்டும் இருந்தது. அப்புறம் அதுவும் இல்லை. மசக்கை வந்தது. பச்சை மாங்காய் வேண்டும் என்றாள். பருவம் இல்லாத பருவத்தில் அவன் எங்கேயோ அலைந்து ஒன்று வாங்கி வந்தான். இரண்டு துண்டு தின்றுவிட்டு அழுதாள். பதினெட்டாம் நாள் காலை பல் துலக்கிக்கொண்டிருந்தவள், வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டு, சமையல்கட்டுப் பக்கம் திரும்பி, "இல்லைங்க" என்றாள். அவன் அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். இரண்டு பேரும் அன்று முழுவதும் அந்தத் தண்ணீர்த் தொட்டி ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு பாத்திரத்தில் கஞ்சியை வைத்துவிட்டுப் போனாள்.

டாக்டரம்மாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். ஈ.சி.ஜி. காகிதத்தைத் தன்னுடைய மாணவர்களுக்கு எடுத்துக் காட்டினார். மருந்துச்சாலையில் வைத்தியர் இனிமேல் டப்பா மாற்றுகிறவர் இரண்டு தேதியும் எழுத வேண்டும், இன்னொருவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று சட்டம் போட்டார். பிசின்காரன் வேலையை விடவில்லை. அவனுக்கு வேறு வேலை தெரியாது. "நான் பொழைச்சுட்டேன், பாத்துக்குங்க" என்று அவள் ஒரே ஒரு தடவை அவனிடம் சொன்னாள். காய்கறி நறுக்கிக்கொண்டே, தலையைத் தூக்காமல், சாதாரணமாகத்தான் சொன்னாள். அதைக் கேட்டுவிட்டு அவன் வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தான். அதற்குப் பிறகு அவள் அதைச் சொன்னதில்லை. புதுப் பிசின் போட்ட சதையைக் கரைக்க மருந்து வேண்டாம், நடந்தாலே போதும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அது வெறும் கொழுப்பு, அதில் யாரும் இல்லை, ஒரு வருட நடையில் போய்விட்டது.

அவள் நடையை மட்டும் விடவில்லை. தினமும் காலை ஆறரைக்கு வீட்டிலிருந்து கிளம்பி, பஸ் நிறுத்தம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரிச் சுவர் வரை போய்த் திரும்புவாள். அத்தனை வருடம் இடது பக்கத்தில் கனத்தைத் தாங்கி உடம்பு வலது பக்கம் சாய்ந்தே பழகிவிட்டது. கனம் போன பிறகும் நிமிரவில்லை. இடது கை, எதையோ வளைத்துப் பிடித்தபடி, இடுப்பை விட்டு ஒரு முழம் தள்ளியே நிற்கும். கணவன் வலது பக்கத்தில் கூடவே போவான். ஆரம்பத்தில் ஒரு நாள் எதிரே மோட்டார் சைக்கிள் வந்தபோது அவன் அவசரமாக இடது பக்கம் மாறப் போனான். அவள் நின்றுவிட்டாள், அவன் திரும்பவும் வலது பக்கத்துக்கு வரும்வரை நின்றுகொண்டே இருந்தாள். தெருக்காரர்கள் இதைப் பார்த்துவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். அதிலிருந்து பால்காரர் சைக்கிளை வளைத்துக்கொண்டு போகிறார், தள்ளுவண்டிக்காரர் வண்டியைச் சுவரோரம் ஒதுக்குகிறார், பள்ளிக்கு ஓடுகிற பிள்ளைகள் அவளுக்கு இடது பக்கம் வரும்போது மட்டும் கொஞ்சம் விலகி ஓடுகின்றன. இரண்டு பேர் நடந்து போக மூன்று பேர் போகிற அகலம் வேண்டியிருந்தது. தெரு கொடுத்தது.